கொலையின் நிலைகள்: அமெரிக்க மாநிலச் சட்டங்கள் சொல்வது என்ன?



1980 டிசம்பர் 8ஆம் தேதி. நியூயார்க் நகரில் டகோட்டா என்ற பழைய அடுக்குமாடிக் கட்டடத்தின் வாசல். பீட்டில்ஸ் இசைக்குழுவின் ஜான் லெனன் மாலையில் வீட்டிலிருந்து வெளியே வருகிறார். ஓர் இளைஞன் இசைத்தட்டை நீட்டி, அதன் உறையில் கையெழுத்து வாங்கிக்கொள்கிறான். வாங்கியவன் போய்விடவில்லை. அங்கேயே காத்து நிற்கிறான். இரவு பதினொரு மணிக்குச் சற்று முன்பு லெனன் வீடு திரும்பும்போது, பின்னாலிருந்து ஐந்து முறை சுடுகிறான். ஹவாயில் துப்பாக்கி வாங்கி, அங்கிருந்து நியூயார்க் வரை பறந்து வந்து, மணிக்கணக்காகக் காத்திருந்து செய்த கொலை அது.

மார்க் டேவிட் சாப்மன் என்ற அந்த மனிதன் நீதிமன்றத்தில் ஒப்புக்கொண்ட குற்றம் என்ன தெரியுமா? இரண்டாம் நிலைக் கொலை. 1981இல் அவனுக்குக் கிடைத்த தண்டனை, குறைந்தது 20 ஆண்டு, அதிகபட்சம் ஆயுள்.

இதைக் கேட்கிற யாருக்கும் உடனே எழும் சந்தேகம், வழக்கறிஞர்கள் பேரம் பேசிக் குற்றத்தைக் குறைத்துவிட்டார்களோ என்பதுதான். அப்படி இல்லை. அன்றைய நியூயார்க் மாநிலச் சட்டத்தில் முதல் நிலைக் கொலை என்பது மிகக் குறுகிய வட்டம். பணியிலிருக்கும் போலீஸ்காரரையோ சிறை ஊழியரையோ கொன்றிருக்க வேண்டும், அல்லது ஏற்கெனவே ஆயுள் தண்டனையில் இருப்பவர் கொலை செய்திருக்க வேண்டும். சாதாரணக் குடிமகனை எத்தனை நாள் திட்டமிட்டுக் கொன்றாலும் அங்கே அது இரண்டாம் நிலைதான். பக்கத்து மாநிலமான பென்சில்வேனியாவில் இதே கொலை நடந்திருந்தால், சந்தேகமே இல்லாமல் முதல் நிலை.

நம் ஊர்ச் செய்தித்தாள்களில் 'முதல் நிலைக் கொலைக் குற்றச்சாட்டு', 'இரண்டாம் நிலைக் கொலையில் தண்டனை' என்று அமெரிக்கச் செய்திகள் வருகின்றன. படிப்பவர்கள் இது ஏதோ நாடு முழுவதற்கும் பொதுவான அளவுகோல் என்று எடுத்துக்கொள்கிறார்கள். நமக்கு அந்த எண்ணம் வருவது இயல்பு. இங்கே கொலை என்றால் நாடு முழுவதற்கும் ஒரே சட்டம். நேற்றுவரை இந்திய தண்டனைச் சட்டம் 302, இன்று பாரதிய நியாய சன்ஹிதா 103. அமெரிக்காவில் கொலை பெரும்பாலும் மாநிலத்தின் விஷயம். ஐம்பது மாநிலங்களுக்கும் தனித்தனிக் குற்றவியல் சட்டம். ஆகவே 'இரண்டாம் நிலைக் கொலை' என்று மட்டும் சொன்னால் பாதிச் செய்திதான். எந்த மாநிலத்தில் என்று சேர்த்துச் சொன்னால்தான் அதற்குப் பொருள்.

இந்த நிலைகள் எப்படிப் பிறந்தன என்பதிலிருந்து தொடங்குகிறேன். அது தெரியாமல் இன்றைய குழப்பம் விளங்காது.

இங்கிலாந்தின் பொதுச் சட்டத்தில் கொலைக்கு நிலைகள் கிடையாது. கெட்ட எண்ணத்தோடு ஓர் உயிரைப் பறித்தால் கொலை, கொலை என்றால் தூக்கு. ஆத்திரத்தில் நிதானம் இழந்து செய்தது போன்றவை மட்டும் 'மேன்ஸ்லாட்டர்' என்ற கீழ்ப்படிக்கு இறங்கும். அமெரிக்கக் குடியேற்றங்களும் இதையேதான் எடுத்துக்கொண்டன. பென்சில்வேனியா மட்டும் தொடக்கத்திலிருந்தே கொஞ்சம் வேறு மாதிரி. குவேக்கர் சமயத்தைச் சேர்ந்த வில்லியம் பென் 1682இல் கொண்டுவந்த சட்டம், ஏறக்குறைய கொலைக்கு மட்டுமே மரண தண்டனை என்று வைத்திருந்தது. 1718இல் அந்த இரக்கம் பறிபோய், இங்கிலாந்தின் கடுமையான சட்டம் அங்கும் நுழைந்தது. விடுதலைக்குப் பிறகு, 1786இல், கொள்ளை, வீடு புகுந்து திருடுதல் போன்றவற்றுக்கு இருந்த தூக்கை மாநிலம் நீக்கியது. மிச்சம் நின்றது கொலை.

அப்போதுதான் வில்லியம் பிராட்ஃபோர்டு வருகிறார். பென்சில்வேனியாவின் உச்ச நீதிமன்ற நீதிபதி, பின்னர் நாட்டின் அட்டர்னி ஜெனரல். இத்தாலியச் சிந்தனையாளர் பெக்காரியாவைப் படித்தவர். மரண தண்டனை எந்த அளவுக்குத் தேவை என்று ஆராய்ந்து 1793இல் ஒரு நீண்ட அறிக்கை எழுதினார். கொலை என்ற ஒரே பெயருக்குள் வெவ்வேறு கனமுள்ள குற்றங்கள் அடைபட்டுக் கிடக்கின்றன, அத்தனைக்கும் ஒரே தூக்குக் கயிறு நியாயமாகாது என்பது அவர் வாதம். தண்டனை அளவுக்கு மிஞ்சிப் போனால் ஜூரிகள் குற்றவாளியைத் தண்டிக்கவே தயங்குவார்கள் என்பதும் அந்தக் காலத்தில் எல்லாரும் கண்கூடாகக் கண்ட உண்மை.

1794 ஏப்ரலில் பென்சில்வேனியா அந்தச் சட்டத்தை நிறைவேற்றியது. நஞ்சு வைத்துக் கொல்வது, மறைந்திருந்து தாக்கிக் கொல்வது, வேறு எந்த வகையிலாவது வேண்டுமென்றே, ஆலோசித்து, முன்கூட்டியே திட்டமிட்டுக் கொல்வது ஆகியவை முதல் நிலை. தீவைப்பு, பாலியல் வன்கொடுமை, கொள்ளை, வீடு புகுந்து திருடுதல் ஆகிய நான்கில் ஏதேனும் ஒன்றைச் செய்யும்போது நேரும் கொலையும் முதல் நிலை. மற்ற எல்லாக் கொலையும் இரண்டாம் நிலை. தூக்கு முதல் நிலைக்கு மட்டும். இரண்டாம் நிலைக்கு ஐந்து முதல் பதினெட்டு ஆண்டு வரை சிறை. இரண்டே ஆண்டில் வர்ஜீனியா இதைப் பின்பற்றியது. பிறகு மாநிலம் மாநிலமாகப் பரவியது.

இதை நான் அழுத்திச் சொல்ல விரும்புகிறேன். கொலைக்கு நிலைகள் வகுத்ததன் நோக்கம் யாரைக் கூடுதலாகத் தண்டிக்கலாம் என்று தேடுவதல்ல. யாரைத் தூக்கிலிருந்து காப்பாற்றலாம் என்று தேடியதில் பிறந்த ஏற்பாடு அது. இன்று அமெரிக்கச் சட்டப் புத்தகங்களில் இந்தப் பிரிவுகளைப் படிக்கும்போது, அந்த இரக்கம் எங்கே நிற்கிறது, எங்கே கைவிடப்பட்டது என்று பார்ப்பதுதான் என் வேலையாக இருக்கிறது.

முதலில் 'முன்கூட்டியே திட்டமிட்டு' என்ற சொற்களை எடுத்துக்கொள்வோம். எத்தனை நேரம் யோசித்தால் அது திட்டம்? ஒரு நாளா, ஒரு மணி நேரமா, ஒரு நொடியா?

1963இல் பென்சில்வேனியா உச்ச நீதிமன்றத்துக்கு ஒரு வழக்கு வந்தது. கணவன் மனைவிக்குள் நெடுநேரச் சண்டை. வெளியூரில் வேலை எடுத்துக்கொண்டதில் தொடங்கி விடியற்காலை வரை நீண்டிருக்கிறது. மனைவி படுக்கையில் திரும்பிப் படுத்துக்கொண்டாள். தலைமாட்டு ஜன்னல் விளிம்பில் கைத்துப்பாக்கி இருப்பது கணவனுக்கு நினைவு வந்தது. எடுத்து, தலையின் பின்புறம் இரண்டு முறை சுட்டான். கடைசி வார்த்தைக்கும் துப்பாக்கிக்கும் இடையே சில நிமிடங்கள்தான். நீதிமன்றம் முதல் நிலை என்று உறுதிசெய்தது. தீய எண்ணம் கொண்டவனுக்குத் திட்டம் தீட்ட எவ்வளவு குறைந்த நேரமும் போதும் என்பது அந்தத் தீர்ப்பின் சாரம். அப்படியானால், கொல்ல வேண்டும் என்று நினைத்துக் கொன்ற ஒவ்வொரு கொலையும் முதல் நிலைதானே? பிராட்ஃபோர்டு கஷ்டப்பட்டுப் போட்ட கோடு அங்கேயே அழிந்துபோகிறது.

மேற்கு வர்ஜீனியாவில் இதே கேள்வி 1995இல் வந்தபோது பதில் வேறு மாதிரி வந்தது. ஓர் உணவகத்தின் சமையற்கட்டில் பாத்திரம் கழுவும் இரண்டு பேர். ஒருவர் கேலி செய்துகொண்டே பாத்திரத் துண்டால் மற்றவரைச் சொடுக்கி விளையாடுகிறார். ஒருமுறை துண்டு மூக்கில் படுகிறது. மற்றவர் கத்தியை எடுத்துக் கழுத்தில் குத்திவிடுகிறார். விசாரணை நீதிமன்றத்தில், நினைப்பும் செயலும் ஒரே கணத்தில் நடந்தாலும் அது திட்டமிட்டதுதான் என்று ஜூரிக்குச் சொல்லப்பட்டது. முதல் நிலை என்று தீர்ப்பும் வந்தது. மாநில உச்ச நீதிமன்றம் அதை ரத்து செய்து மறு விசாரணைக்கு அனுப்பியது. தீர்ப்பை எழுதியவர் நீதிபதி ஃபிராங்க்ளின் கிளெக்லி. கொல்லும் எண்ணம் தோன்றியதற்கும் கொன்றதற்கும் நடுவே, எண்ணிப் பார்த்ததற்கான ஏதேனும் ஓர் இடைவெளி இருந்ததாகச் சான்று வேண்டும், இல்லையென்றால் இரண்டு நிலைகளுக்கும் வேறுபாடே இல்லாமல் போய்விடும் என்றார் அவர். நான் படித்த கொலைத் தீர்ப்புகளில் என் மனத்துக்கு மிக நெருக்கமானது இதுதான்.

நேரத்தை மட்டும் அளந்தாலும் போதாது. வாஷிங்டன் மாநிலத்தில் 1986இல் தீர்ப்பான வழக்கொன்றில், கழுத்தை நெரித்துக் கொன்றிருந்தான் குற்றவாளி. நெரித்துக் கொல்லச் சில நிமிடங்கள் பிடிக்கும். அத்தனை நிமிடம் யோசிக்க நேரம் இருந்ததே என்றது அரசுத் தரப்பு. யோசிக்க நேரம் இருந்தது என்பது வேறு, யோசித்தான் என்பது வேறு என்று சொல்லி, முதல் நிலையை ஏற்க மறுத்தது நீதிமன்றம்.

இன்னொரு பக்கமும் இருக்கிறது. அதுதான் என்னை அதிகம் வருத்துவது. கலிஃபோர்னியாவில் பத்து வயதுச் சிறுமி ஒருத்தி வீட்டுக்குள்ளேயே, அவள் தாயோடு வாழ்ந்துவந்தவனால், அறுபதுக்கும் மேற்பட்ட கத்திக்குத்துகளால் கொல்லப்பட்டாள். 1968இல் அந்த மாநிலத்தின் உச்ச நீதிமன்றம், திட்டமிட்டதற்கான அடையாளம் இல்லை, முன்னேற்பாடு இல்லை, நோக்கம் இல்லை, கொன்ற விதமும் நிதானத்தைக் காட்டவில்லை என்று சொல்லி அதை இரண்டாம் நிலைக்கு இறக்கியது.

அடுத்து வட கரோலினா, 1985 டிசம்பர். மருத்துவமனைக் கட்டிலில் மீள வழியில்லாத நோயோடு கிடக்கிறார் ஒரு தகப்பனார். மகன் பக்கத்தில் உட்கார்ந்து அழுகிறான். கால்சட்டைப் பையில் இருந்த சிறு கைத்துப்பாக்கியை எடுத்து, நான்கு முறை சுடுகிறான். ஓடவில்லை, ஒளியவில்லை. அப்பாவின் வேதனையைத் தாங்க முடியவில்லை என்று வந்தவர்களிடமே சொல்கிறான். அந்தத் துப்பாக்கி ஒவ்வொரு முறையும் சுத்தியலைப் பின்னுக்கு இழுத்தால்தான் சுடும். நான்கு முறை இழுத்தானே, அதுவே எண்ணிச் செய்ததன் அடையாளம் என்றது 1987இல் மாநில உச்ச நீதிமன்றம். முதல் நிலைக் கொலை. ஆயுள் சிறை.

இரண்டையும் பக்கத்தில் பக்கத்தில் வைத்துப் பாருங்கள். சிறுமியை அறுபது முறை குத்தியவன் இரண்டாம் நிலை. அப்பாவுக்காக அழுதவன் முதல் நிலை. மகன் செய்தது குற்றமில்லை என்று நான் சொல்லவரவில்லை. நோயாளியின் உயிர் பிள்ளையின் கையில் இல்லை. ஆனால் இவ்விருவரில் யார் கொடியவன் என்று தெருவில் போகிற யாரைக் கேட்டாலும் ஒரே பதில்தான் வரும். சட்டத்தின் அளவுகோல் அந்தப் பதிலுக்கு நேர் எதிராக நிற்கிறது. நிதானத்தை அளந்தால் தீமையை அளந்ததாகிவிடும் என்ற நம்பிக்கையில் போட்ட கோடு, சில சமயம் அன்பையே முதல் நிலையில் கொண்டுபோய் உட்கார வைத்துவிடுகிறது.

இந்தக் கோட்டை அரசியல் எப்படி இழுத்து நகர்த்தும் என்பதற்குக் கலிஃபோர்னியாவே சாட்சி. 1978 நவம்பர் 27இல் சான் ஃபிரான்சிஸ்கோ மேயர் ஜார்ஜ் மோஸ்கோனியையும், நகர மன்ற உறுப்பினர் ஹார்வி மில்க்கையும் டான் வைட் என்ற முன்னாள் உறுப்பினர் சுட்டுக் கொன்றார். உலோகம் கண்டறியும் கருவி வைத்த வாசலைத் தவிர்த்து, அடித்தள ஜன்னல் வழியாக உள்ளே நுழைந்தவர். மேயரைச் சுட்டபின் மறுபடி குண்டு நிரப்பிக்கொண்டு மில்க்கின் அறைக்குப் போனவர். மனச்சோர்வால் அவர் மனம் சரியாக யோசிக்கும் நிலையில் இல்லை என்ற வாதத்தை ஏற்று, ஜூரி 1979 மே மாதம் கொலை அல்ல, மேன்ஸ்லாட்டர் என்றது. ஏழு ஆண்டு எட்டு மாதம் சிறை. ஜூரியின் முடிவு வந்த அன்றிரவு நகரமே கொந்தளித்தது. 1981இல் சட்டமன்றம் அந்த வாதத்துக்கான வழியை அடைத்தது. கூடவே, செய்யும் செயலின் கனத்தை உணர்ந்து ஆழமாகச் சிந்தித்ததாக அரசுத் தரப்பு நிரூபிக்கத் தேவையில்லை என்றும் எழுதியது. ஒரு வழக்கின் கோபத்தில் எழுதிய வரி. அதற்குப் பிறகு வந்த ஆயிரமாயிரம் வழக்குகளுக்கும் அதுதான் சட்டம்.

இனி மினசோட்டாவுக்கு வருவோம். இங்கே இருப்பவர்களில் பலர் அந்தக் காணொளியைப் பார்த்திருப்பீர்கள். 2020 மே 25, மினியாபோலிஸ் நகரத் தெரு. ஜார்ஜ் ஃபிளாய்டின் கழுத்தில் டெரிக் சாவின் என்ற போலீஸ் அதிகாரியின் முழங்கால். 9 நிமிடம் 29 விநாடி. உலகம் முழுவதும் ஒரே கேள்வி கேட்டது. இது ஏன் முதல் நிலைக் கொலை இல்லை?

மினசோட்டாவில் மூன்று நிலைகள் உண்டு. முதல் நிலைக்கு, பொதுவாக, முன்கூட்டிய திட்டம் வேண்டும். தண்டனை ஆயுள். இரண்டாம் நிலைக்கு இரண்டு வாசல். ஒன்று, திட்டமில்லாமல், ஆனால் கொல்லும் எண்ணத்தோடு கொல்வது. மற்றொன்று, கொல்லும் எண்ணம் இல்லாமலே, வேறொரு பெருங்குற்றம் செய்யும்போது உயிர் போவது. இரண்டுக்குமே அதிகபட்சம் 40 ஆண்டு. மூன்றாம் நிலை, கொல்ல வேண்டும் என்று நினைக்காவிட்டாலும், மனித உயிரைத் துச்சமாக மதித்து, பிறருக்கு மிகுந்த ஆபத்தான செயலைச் செய்து மரணம் விளைவிப்பது. அதிகபட்சம் 25 ஆண்டு. போதைப்பொருள் கொடுத்து, வாங்கியவர் அதனால் இறந்தால் அதுவும் அங்கே மூன்றாம் நிலைக் கொலைதான். இது பலருக்குத் தெரியாது.

சாவின் மீதான இரண்டாம் நிலைக் குற்றச்சாட்டு அந்த இரண்டாவது வாசல் வழியாக வந்தது. கொல்ல நினைத்தார் என்று அரசுத் தரப்பு நிரூபிக்க வேண்டியதில்லை. சட்டத்துக்குப் புறம்பாகத் தாக்கினார், அந்தத் தாக்குதலே பெருங்குற்றம், அதில் உயிர் போனது என்று காட்டினால் போதும். 2021 ஏப்ரல் 20இல் பன்னிரண்டு ஜூரிகளும் இரண்டாம் நிலை, மூன்றாம் நிலை, மேன்ஸ்லாட்டர் மூன்றிலும் குற்றவாளி என்றார்கள். ஜூன் மாதம் இருபத்திரண்டரை ஆண்டு சிறை விதிக்கப்பட்டது.

இதற்குள்ளே இன்னொரு கதை இருக்கிறது. மூன்றாம் நிலைக் குற்றச்சாட்டை நீதிபதி 2020 அக்டோபரில் தள்ளுபடி செய்து, 2021 மார்ச்சில் திரும்பச் சேர்த்தார். காரணம், வேறொரு போலீஸ் அதிகாரியின் வழக்கு. முகமது நூர் என்பவர் 2017இல், உதவி கேட்டு போலீசை அழைத்த ஒரு பெண்ணையே காருக்குள்ளிருந்து சுட்டுவிட்டார். மூன்றாம் நிலைக் கொலைக்குப் பன்னிரண்டரை ஆண்டு. அந்தத் தீர்ப்பை மேல்முறையீட்டு நீதிமன்றம் 2021 பிப்ரவரியில் சரி என்றது. அதை வைத்துத்தான் சாவின் வழக்கில் அந்தக் குற்றச்சாட்டு திரும்ப வந்தது. ஆனால் அதே ஆண்டு செப்டம்பரில் மாநில உச்ச நீதிமன்றம், ஒரு குறிப்பிட்ட ஆளைக் குறிவைத்த செயலுக்கு மூன்றாம் நிலை பொருந்தாது என்று சொல்லிவிட்டது. நூரின் தண்டனை 57 மாதமாகக் குறைந்தது. ஒரு பிரிவின் ஒரு சொற்றொடருக்கு என்ன பொருள் என்பது ஏழெட்டு மாதத்தில் இரண்டு முறை மாறியது. நடுவே ஒரு மனிதர் அதே பிரிவில் குற்றவாளி ஆனார். சாவினுக்கு இரண்டாம் நிலையில்தான் தண்டனை விதித்தார்கள் என்பதால் அவர் சிறைக்காலம் அசையவில்லை.

இப்போது நான் இன்று பேச வந்ததன் மையத்துக்கு வருகிறேன். பெருங்குற்றத்தின்போது நேரும் மரணம் எல்லாம் கொலை என்னும் விதி.

ஃபுளோரிடாவில் 2003இல் நடந்தது இது. இருபது வயது இளைஞன் ஒருவன், இரவு விருந்து முடிந்து வீட்டில் இருக்கிறான். அறைத்தோழன் காரைக் கேட்கிறான். சாவியைக் கொடுத்துவிட்டுத் தூங்கப் போகிறான். அந்தக் காரில் போனவர்கள் ஒரு வீட்டில் புகுந்து பெட்டகத்தைத் திருடும்போது, அந்த வீட்டுப் பதினெட்டு வயதுப் பெண்ணை அடித்துக் கொன்றுவிட்டார்கள். கார் கொடுத்தவன் அந்த இடத்தில் இல்லை. திருட்டைப் பற்றிப் பேசினார்கள், நான் வேடிக்கைப் பேச்சு என்று நினைத்தேன் என்றான் அவன். ஜூரி நம்பவில்லை. முதல் நிலைக் கொலை. பரோல் இல்லாத ஆயுள் சிறை. 2015இல் ஆளுநர் அதை 25 ஆண்டாகக் குறைத்தார். மகளை இழந்த குடும்பத்தின் துயரம் யாராலும் அளக்க முடியாதது. அதைச் சொல்லிவிட்டே கேட்கிறேன். சாவியைக் கொடுத்தவனும், அந்தப் பெண்ணை அடித்தவனும் ஒரே நிலையா?

1794 சட்டத்திலேயே இந்த விதை இருந்தது என்பதை மறைக்கக் கூடாது. நான்கு குற்றங்களின் பெயரைச் சொல்லி, அவற்றில் நேரும் கொலை முதல் நிலை என்றார்கள். ஆனால் அன்று அது ஏற்கெனவே கொலை என்று ஆனதைத் தரம் பிரித்த வரி. பின்னாளில் அது வளர்ந்து, கொலையே அல்லாததைக் கொலை ஆக்கும் வரியாக மாறியது. மனத்தைப் பார்த்துத்தான் நிலைகளைப் பிரித்தார்கள். இந்த விதி மட்டும் மனத்தைப் பார்க்கவே பார்க்காது. கடைக்காரர் மாரடைப்பில் இறந்தால்கூடக் கொள்ளையடித்தவன் கொலைகாரன் ஆன வழக்குகள் உண்டு. இந்த விதி பிறந்த இங்கிலாந்தே 1957இல் இதைக் கைவிட்டுவிட்டது. ஹவாயும் கென்டக்கியும் சட்டம் எழுதும்போதே விட்டுவிட்டன. மிச்சிகன் உச்ச நீதிமன்றம் 1980இல், கொள்ளையடிக்கும் எண்ணத்தைக் கொல்லும் எண்ணமாக எடுத்துக்கொள்ள முடியாது என்று தீர்ப்பளித்தது. கலிஃபோர்னியா 2018இல் சட்டத்தைத் திருத்தி, தன் கையால் கொன்றவர், கொல்லும் எண்ணத்தோடு உதவியவர், குற்றத்தில் பெரும்பங்கு வகித்து உயிரைப் பொருட்படுத்தாதவர் ஆகியோரோடு பொதுவாக விதியைச் சுருக்கியது. ஏற்கெனவே சிறையில் இருப்பவர்களும் மனுப் போடலாம் என்று வழி திறந்தது.

நிலைகளின் தாய்வீடான பென்சில்வேனியா எதிர்த் திசையில் போனது. 1974இல் சட்டத்தை மாற்றியபோது, எண்ணிச் செய்த கொலை முதல் நிலை, பெருங்குற்றத்தின்போது நேரும் மரணம் இரண்டாம் நிலை, மற்றவை மூன்றாம் நிலை என்று வகுத்தார்கள். இரண்டாம் நிலைக்கும் பரோல் இல்லாத ஆயுள் சிறையைக் கட்டாயமாக்கினார்கள். 1794இல் ஐந்து முதல் பதினெட்டு ஆண்டு என்று இருந்த இரண்டாம் நிலை இது. பெயர் அதே பெயர்தான். இந்தக் கட்டாயத் தண்டனை செல்லுமா என்ற வழக்கு 2024 அக்டோபரில் அந்த மாநில உச்ச நீதிமன்றத்தில் வாதிடப்பட்டது.

மற்ற மாநிலங்களைச் சுருக்கமாகச் சொல்லிவிடுகிறேன். இல்லினாய்ஸில் இரண்டாம் நிலைக் கொலை என்பது, கடும் தூண்டுதலால் ஆத்திரத்தில் செய்தது, அல்லது தற்காப்பு என்று தவறாக நம்பிச் செய்தது. அதாவது வேறிடத்தில் மேன்ஸ்லாட்டர் என்பார்களே, அது. நான்கு ஆண்டிலேயே விடுபடக்கூடிய தண்டனை. நியூயார்க்கில் அதே பெயருக்கு ஆயுள்வரை போகும். டெக்ஸஸில் கொலைக்கு நிலைகளே இல்லை. மரண தண்டனைக்குரிய கொலை, கொலை, அதற்குக் கீழே இரண்டு குற்றங்கள், அவ்வளவுதான். மிச்சிகனில் கொலைக்கான தூக்கை 1846இலேயே ஒழித்தார்கள். தூக்கு இல்லாத ஊரில், தூக்கிலிருந்து காப்பாற்றப் பிறந்த பிரிவினை நிலைத்து நிற்கிறது. இன்று அது பிரிப்பது, வெளியே வரவே முடியாத சிறையையும் வர முடிந்த சிறையையும்.

இத்தனை சிக்கல் எதற்கு, எல்லாவற்றையும் எடுத்துவிடலாமே என்று கேட்டவர்களும் சாதாரண ஆட்கள் இல்லை. நியூயார்க்கின் தலைமை நீதிபதியாக இருந்த பெஞ்சமின் கார்டோசோ 1928இல் மருத்துவர்கள் அவையில் பேசும்போது, முதல் நிலைக்கும் இரண்டாம் நிலைக்கும் உள்ள வேறுபாட்டை முதன்முறையாகக் கேட்கும் ஒரு ஜூரியால் அதைப் புரிந்துகொள்ளவே முடியாது என்றார். அமெரிக்கச் சட்ட நிறுவனம் 1962இல் வெளியிட்ட மாதிரித் தண்டனைச் சட்டம் கொலை நிலைகளைக் கைவிட்டது. தெரிந்தே, வேண்டுமென்றே கொல்வதும், உயிரைத் துச்சமாக மதிக்கும் அளவுக்கு அசட்டையாக இருப்பதும் கொலை. திட்டம் என்ற சொல்லுக்கே அதில் இடமில்லை.

எனக்கு அந்த முடிவில் உடன்பாடு பாதிதான். திட்டத்தை மட்டும் வைத்துத் தீமையை அளக்கக் கூடாது என்பது சரி. நிலைகளே வேண்டாம் என்பது சரியல்ல. நிலைகளை எடுத்துவிட்டால், யார் எவ்வளவு குற்றவாளி என்ற கேள்வி ஜூரியின் கையைவிட்டு, தண்டனை விதிக்கும் ஒரே ஒரு நீதிபதியின் கைக்குப் போய்விடும். பன்னிரண்டு குடிமக்கள் சாட்சியம் கேட்டு, ஒருமித்து, இது இந்த நிலை என்று சொல்வதில் ஒரு நியாயம் இருக்கிறது. நிலைகள் இருக்கட்டும். முதல் நிலை என்றால், கொன்றவர் உண்மையாகவே எண்ணிப் பார்த்தார் என்று மேற்கு வர்ஜீனியா கேட்டதுபோலச் சான்று கேட்கட்டும். இரக்கத்தால் செய்ததற்கும் பேராசையால் செய்ததற்கும் சட்டப் புத்தகத்திலேயே வேறு வேறு இடம் இருக்கட்டும். கொல்ல நினைக்காதவரை, கொல்லாதவரை, கொலைகாரர் என்று அழைக்கும் விதி ஒழியட்டும்.

கடைசியாக, இந்த அவையில் இருக்கும் பெற்றோர்களுக்கு ஒரு வார்த்தை. நம் பிள்ளைகள் நியூ ஜெர்சியிலும் டெக்ஸஸிலும் கலிஃபோர்னியாவிலும் குடியுரிமை பெற்று வாழ்கிறார்கள். அவர்களுக்கு ஜூரி அழைப்பு தபாலில் வருகிறது. 'வேலை கெடும், ஏதாவது காரணம் சொல்லித் தப்பித்துக்கொள்' என்றுதான் நாம் தொலைபேசியில் சொல்கிறோம். இனிமேல் அப்படிச் சொல்லாதீர்கள். போகச் சொல்லுங்கள். கொலை வழக்கில் உட்கார நேர்ந்தால், நீதிபதி வாசிக்கும் விளக்கத்தில் ஒரு வரி புரியவில்லை என்றாலும், எழுதிக் கொடுத்து விளக்கம் கேட்கும் உரிமை ஜூரிக்கு உண்டு. அதைக் கூச்சப்படாமல் கேட்கச் சொல்லுங்கள். முதல் நிலையா இரண்டாம் நிலையா என்பதை அந்த அறையில் முடிவு செய்யப்போகிறவர்களில் உங்கள் பிள்ளையும் ஒருவர்.